அப்பா நினைவு நாளில் அம்மாவுக்குப் பரிமாறியது

1

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: என் தம்பி சாமுவேல், அவன் மனைவி கிரேஸ், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், எங்கள் சபைப் போதகர், முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர், அங்கே சமையலுக்கும் துணி துவைக்கவும் இருந்த பாக்கியம், வாடகைக் கார் டிரைவர் (அவர் உள்ளே வரவில்லை, வாசலில் வண்டியிலேயே படுத்துவிட்டார்), நான். அப்புறம் இருபத்திரண்டு முதியவர்கள். அதில் பதினாறு பேர் பெண்கள். பதினாறு பேரில் ஒருத்தி எங்கள் அம்மா.

இன்றைக்கு மறுபடியும் அதே நாள் வந்திருக்கிறது. அப்பா இறந்த நாள். காலை ஷிஃப்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் பனியில் திரும்பி நடந்து வந்தேன். யாரிடமும் சொல்ல முடியாது. இந்த பர்மிங்ஹாமில் யாரிடம் போய்ச் சொல்வது? வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்களை மேற்பார்க்கிற மேட்ரன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள். "என் அப்பா எக்ஸ்பயர்ட்" என்றேன். நம் ஊர் ஆபீசில் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? அவள், பாஸ்போர்ட்டுக்குத்தான் அப்படிச் சொல்வது என்றாள். அன்றிலிருந்து அப்பா பேச்சை எடுப்பதில்லை.

ஊரில் இருக்கிறவர்கள் படிப்பதற்காக எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

2

நான் வேலை செய்வதும் ஒரு முதியோர் இல்லத்தில்தான். நகரசபை நடத்துவது. சமையல்கட்டில் வேலை; டீ வண்டி தள்ளுவேன், தட்டு கழுவுவேன், சில நாள் ஊட்டியும் விடுவேன். ஞாபகம் போனவர்களுக்கு என்று பின்பக்கம் தனி அறைகள் உண்டு. அங்கே ஈடித் என்று ஒரு கிழவி. என்னைக் கண்டால் "ஜோன், வந்துட்டியா?" என்பாள். ஜோன் அவளுடைய மகள். என் நிறத்தைப் பார்த்தும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மேட்ரன் சொல்லியிருக்கிறாள், மறுத்துப் பேசாதே, ஆமாம் என்று சொல் என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயில் சர்க்கரை போட்டுக் கொடுப்பேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். என் மகள் சிரிப்பாள். அவள் இங்கேயே வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், அதுவும் மாடிப்படி ஏறிக்கொண்டே. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து என் பெரிய பயம் அம்மாதான். பயப்பட்ட மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நான் பயப்படத் தெரியாத ஒன்று நடந்தது.

3

அம்மா தாம்பரத்தில் மிஷன் ஆரம்பப்பள்ளி டீச்சர். அப்பா இறந்தபோது சாமுவேல் பால்குடி. அம்மா வேலைக்குப் போயாக வேண்டும், குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா பாடம் சொல்லிக் கொடுத்தாள், நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவன் நடக்கப் பழகியது என் விரலைப் பிடித்து. அவனுக்கு அப்பா முகமே தெரியாது. ஆனாலும் வேலை கிடைத்ததிலிருந்து வருஷம் தவறாமல் அப்பா நினைவு நாளுக்கு எங்காவது ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவான். அவன் அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

எனக்குக் கல்யாணமாகி, கணவர் இங்கே வார்ப்பட ஆலை வேலைக்கு வந்து, பின்னால் நானும் வந்துவிட்டேன். கொஞ்ச வருஷத்தில் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்ததாக சாமுவேல் எழுதினான். ரிட்டயர் ஆனவள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறாளாம். ஒரு நாள் ஊரப்பாக்கத்தில் ரோட்டோரம் நின்று, போகிற வருகிற பிள்ளைகளை "வரிசையா நில்லு" என்று அதட்டிக்கொண்டிருந்தவளை யாரோ அழைத்து வந்து விட்டார்களாம்.

நான் அழுது தீர்த்துவிட்டு, அம்மாவை இங்கே கூட்டிவர விண்ணப்பம் போட்டேன். அதில் ஒரு கேள்வி இருந்தது: ஊரில் இவரைப் பார்த்துக்கொள்ள நெருங்கிய உறவினர் வேறு யாராவது இருக்கிறார்களா? மகள்தான் படித்துச் சொன்னாள். "இல்லன்னு போட்டுடும்மா, அவ்வளவுதான்" என்றாள். எப்படி இல்லை என்று போடுவது? என் இடுப்பில் வளர்ந்தவன் இருக்கிறானே. மகன் இருக்கிறான் என்று எழுதினேன். மகன் இருப்பதால் அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

அதற்கப்புறம் மாதாமாதம் ஐந்து பவுன், இங்கத்துப் பணம், அனுப்பினேன். ஒரு வருஷம் போனதும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்திருப்பதாக சாமுவேல் எழுதினான். பெயர் முனியம்மா. அனகாபுத்தூரிலிருந்து வருகிறாளாம். அவன் கடிதங்களில் முனியம்மா தினமும் நடமாடினாள். முனியம்மா அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டாள். முனியம்மா மகளுக்குக் கல்யாணம், நூறு ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறாள். அம்மா முனியம்மாவை "ரூபி" என்று கூப்பிடுகிறாள். ரூபி நான்தான். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

4

பணம் அனுப்ப ஆரம்பித்து நாலு வருஷம் கழித்து டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்தது. கணவருக்கு லீவு இல்லை, மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் மட்டும் ஊருக்கு வந்தேன். பெட்டியில் அம்மாவுக்குக் கம்பளி, பிள்ளைகளுக்குச் சாக்லெட், முனியம்மாவுக்கு ஒரு நைலக்ஸ் சேலை.

கிழக்குத் தாம்பரத்து வீடு அம்மாவின் சேமநிதியில் கட்டியது. முன்னறையில் அம்மா கட்டில் இருந்த இடத்தில் ஒரு சோபா இருந்தது.

"அம்மா எங்கடா?"

"குளிச்சிட்டு வாக்கா. பேசலாம்."

"முனியம்மா வெளிய கூட்டிட்டுப் போயிருக்காளா?"

கிரேஸ் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முனியம்மா இல்லக்கா."

"நின்னுட்டாளா?"

"இல்ல. அப்படி ஒருத்தியே கிடையாது."

எனக்கு முதலில் புரியவில்லை. மகள் கல்யாணம்? நூறு ரூபாய்? என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவைப் படப்பை ரோட்டில் ஓர் இல்லத்தில் விட்டு மூன்று வருஷமாகிறது என்றான். நல்ல இடம், சிஸ்டர்மார் நடத்துகிறார்கள். நாளைக்கு அப்பா நினைவு நாள், இந்த வருஷமும் சாப்பாடு அங்கேதான், எல்லாரும் போகிறோம், பார்த்துவிடலாம்.

சரி, பணம் கட்டி நல்ல இடத்தில்தானே வைத்திருக்கிறான், என்னிடம் சொல்லப் பயந்திருப்பான் என்று இரவெல்லாம் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அம்பாசடர் காரில் நெருக்கி உட்கார்ந்தோம். டிக்கியில் சோற்று அண்டாவும் கறிக்குழம்பும். கேசரி வாளி என் மடியில், சூடு சேலையைத் தாண்டித் தொடையில் சுட்டது. முடிச்சூர் தாண்டியதும் சாமுவேல் முன்சீட்டிலிருந்து திரும்பினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அங்க போயி அம்மான்னு கூப்பிட்டுடாத."

"ஏன்டா?"

"யாரும் இல்லாதவங்களை மட்டும்தான் சேத்துப்பாங்க. அப்படிச் சொல்லித்தான் சேத்திருக்கு. ஐயா லெட்டர் குடுத்தாரு."

ஐயா என்றது போதகரை. அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர். "சூழ்நிலைம்மா" என்றார். பிறகு வேதாகமத்தைப் பிரித்துக்கொண்டார்.

"அங்க எல்லாரையும் பாட்டின்னுதான் கூப்பிடுவாங்க" என்றான் தம்பி. "நீயும் அப்படியே கூப்பிடு. தெரிஞ்சிடுச்சுன்னா அன்னிக்கே கொண்டுவந்து வாசல்ல விட்டுடுவாங்க. நீ பத்து நாள்ல பிளேன் ஏறிடுவ."

"பசங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

சின்னவள் சந்தோஷமாகத் திரும்பினாள். "தெரியும் அத்தை! நாங்க போன வருஷமே எங்க சொந்தப் பாட்டின்னு காட்டிக்கல, மத்த எல்லாரையும் மாதிரியே பாட்டின்னு கூப்பிட்டோம். யாருக்கும் தெரியல!"



5

ஓட்டுக் கூரை போட்ட நீளக்கூடம். சுவரோரமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மொட்டையடித்த தலைகள், பேன் வராமல் இருப்பதற்காம். அம்மாவின் கூந்தல் நரைத்தும் அடர்த்தியாக இருக்கும். அதை வைத்தே தேடியதால் முதல் சுற்றில் கண்டுபிடிக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே, வெள்ளைச் சேலையில், கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் பிள்ளைகளை உட்காரச் சொல்வாளே, அந்த மாதிரி.

சிஸ்டர் நடுவில் நின்று சொன்னார்: "இன்னிக்கு சாமுவேல் சார் குடும்பத்தார், அவங்க அப்பா நினைவா நமக்கு விருந்து குடுக்கறாங்க. நல்ல மனசுள்ள குடும்பம். அவங்களுக்காக ஜெபிப்போம்." போதகர் ஜெபித்தார். ஜெபத்தில் அப்பா பெயரைச் சொன்னார். கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். தன் புருஷன் பெயர் அவள் காதில் விழுந்தது. மற்றவர்களோடு சேர்ந்து "ஆமென்" என்றாள்.

பிறகு இருபத்திரண்டு பேரும் கைகூப்பி எங்களுக்கு நன்றி சொன்னார்கள். அது அங்கே வழக்கம். அம்மாவும் தன் மகனைக் கும்பிட்டாள். அவன் பதிலுக்குக் கும்பிட்டான்.

சோறு கிரேஸ், குழம்பு தம்பி, கடைசியில் கேசரி நான். அம்மாவிடம் வந்ததும் குனிந்தேன். அவள் இலையில் கறித்துண்டு இரண்டு ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது.

"கறி சாப்பிடலியா... பாட்டி?"

சொல்லிவிட்டேன். நாக்கு அதைச் சொல்லிவிட்டது.

"பையன் வருவான்" என்றாள் அம்மா. "ஸ்கூல் விட்டு வந்தா பசிக்குமில்ல? அவனுக்கு." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?"

"உங்க வீட்டுப் பொண்ணுதான்" என்றேன்.

பின்னால் நின்ற சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் உங்க வீட்டுப் பிள்ளைங்கதானே டீச்சர் பாட்டி" என்று அவள் தோளைத் தட்டினார். தம்பி அடுத்த வரிசையில் குழம்பு வாளியோடு நின்றான். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கொல்லைப்புறம் போய் வாளியைக் கழுவுகிற சாக்கில் அழுதேன். பாக்கியம் வந்தாள். கோவளம் பக்கத்து மீனவர் குடும்பத்துக்காரி.

"இன்னாம்மா, அயுவுற?"

"கண்ணுல புகை."

"அடுப்பே பத்த வெக்கல, புகை எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள். வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "போன வருசமும் ஒருத்தரு இதே எடத்துல நின்னு அயுதுகினு இருந்தாரு. மில்லு ஓனராம். வந்தவங்க ரெண்டு பேருல ஒருத்தரு அயுதுட்டுத்தான் போறாங்க. அப்பால இன்னாத்துக்கு வர்றாங்கன்னுதான் எனக்குப் புரில."

6

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை. நான் சத்தம் போட்டேன்; வாழ்க்கையில் முதல் தடவை.

"மூணு வருஷமா யாருக்குடா தலை பின்னிவிட்டா முனியம்மா?"

கிரேஸ்தான் பேசினாள். உடம்பில் நான் கொண்டுவந்த நைலக்ஸ் சேலை.

"அண்ணி, ஒரு வருஷம் நான் பாத்தேன். நான் மட்டும். ராத்திரியில எழுந்து கதவைத் தட்டுவாங்க, என்னைத் திருடின்னு தெருவுல நின்னு கத்துவாங்க. சுவத்துல பீயைத் தடவி வெப்பாங்க. உங்க தம்பி எட்டு மணிக்கு ரயில் ஏறிடுவாரு. நீங்க பவுன் அனுப்புனீங்க. பவுனு வந்து துடைக்குமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே கிரேஸ்."

"சொன்னா பணம் அனுப்புவீங்களா? பசங்க கான்வென்ட் ஃபீஸ் அதுலதான் போகுது. போதுமா? கேட்டுட்டீங்களா?"

அவள் பட்ட கஷ்டத்தை நான் இல்லை என்று சொல்லவில்லை. நானும் அந்த வேலைதான் செய்கிறேன், சம்பளத்துக்கு. ஆனால் துடைக்க முடியவில்லை என்பது வேறு, முனியம்மா என்று ஒருத்தியைப் பெற்று வளர்த்து, அம்மா வாயில் என் பெயரை வைத்து எழுதுவது வேறு. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பால்காரருக்குத் தெரிந்திருந்தது. "டீச்சரம்மா இல்லத்துல சௌக்கியமா?" என்று அவர் என்னிடமே கேட்டார்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குப் படுக்கை போய்விடும். இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள், நான் போனபின் இவர்கள் அவளை என்ன செய்வார்களோ. சொல்லாவிட்டால் அவள் யாருமில்லாதவளாகவே செத்துப்போவாள். யாருமில்லாதவர்களை இல்லத்துக்குப் பின்னாலேயே புதைத்துவிடுவார்கள் என்று பாக்கியம் கையை நீட்டிக் காட்டியிருந்தாள். பெயர்ப்பலகைகூட இல்லாத மண்மேடுகள். அப்பா தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில், பக்கத்தில் அம்மாவுக்கென்று விட்ட இடத்தோடு இருக்கிறார்.

இரண்டு நாள் தாளமுடியாமல் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் பஸ் பிடித்துத் தனியாகப் போனேன். நேராகச் சிஸ்டர் முன்னால் போய் நின்றேன். "டீச்சர் பாட்டி என் அம்மா. சாமுவேல் அவங்க மகன்" என்றேன்.

சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க" என்றார். "சாமுவேல் சார் மகன்னு எங்களுக்குத் தெரியும்."

"எப்படி?"

"பரிமாறும்போது எந்த இலைகிட்ட மட்டும் முகத்தைப் பாக்காம தாண்டிப் போறாங்கன்னு பாப்போம். வருஷா வருஷம் விருந்து போட வர்றவங்கள்ல பாதிப்பேரு இப்படித்தான். யாரும் இல்லன்னு சொன்னாத்தான் இடம். அதனால இல்லன்னு சொல்றாங்க. அப்புறம் மனசு கேக்காம சோறு கொண்டுவர்றாங்க. அந்தச் சோத்துலதான் இந்த இடம் நடக்குது. நாங்க கேக்கறதில்ல. ஆனா பொண்ணு இருக்கேன்னு இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட வந்து சொன்னதில்ல."

"இப்ப அனுப்பிடுவீங்களா?"

"எங்க காதுல விழுந்துடுச்சே. கமிட்டிக்குச் சொல்லாம இருக்க முடியாது."

நான் விமானம் ஏறுவதற்கு முன்தினம் பதில் வந்தது. பிள்ளைகள் உள்ளவர் என்று மாற்றி எழுதி வைத்துக்கொள்ளலாம். மாதம் ஐம்பது ரூபாய். ஆனால் சேர்த்த நாளிலிருந்து கட்ட வேண்டும். முப்பத்தாறு மாதம், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

தம்பியிடம் கேட்டேன். "நீ சொன்ன, நீ கட்டு" என்றான். "ஐயா லெட்டர் பொய்னு தெரிஞ்சு சபையில என் தலை தொங்கிப்போச்சு. அது போதாதா உனக்கு?"

7

கட்டினேன். அவனுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு சிஸ்டருக்கு அனுப்பினேன். மாத ஐம்பதும், பழைய கணக்கில் முடிந்ததும். பாங்கில் பணம் அனுப்புகிற காகிதத்தில் "பணம் பெறுபவருடன் உறவு" என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் பேனா நின்றுவிடும். சிஸ்டர் எனக்கு உறவில்லையே. அம்மா என்று எழுதுவேன். கவுண்டர் பெண் ஒன்றும் கேட்கமாட்டாள்.

அம்மா அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தாள். போன வருஷம் போய்விட்டாள். நான் போக முடியவில்லை. தந்தி வந்து சேர்ந்தபோதே அடக்கம் முடிந்திருந்தது. மகன் உள்ளவர் என்று எழுதியிருந்ததால் மகனுக்கு ஆள் அனுப்பினார்களாம். கல்லறைத் தோட்டத்தில் அப்பா பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அடக்கத்துக்குச் சபையே திரண்டு வந்தது, சாமுவேல் சார் தலைமாட்டில் நின்று எல்லார் கையையும் பிடித்துக்கொண்டு அழுதார், மற்ற பாட்டிகளுக்கு அன்றைக்கே விருந்தும் கொடுத்தார் என்று சிஸ்டர் எழுதியிருந்தார். அவன் கடிதமும் வந்தது. அம்மா கடைசியில் "ரூபி, ரூபி" என்று சொல்லிக்கொண்டே போனார்கள் என்று எழுதியிருந்தான். சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்கு இனிமேல் தெரிய வழியில்லை. அவன் அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டான்.

சிஸ்டர் தன் கடிதத்தின் அடியில், ஆள் இறந்துவிட்டதால் பழைய பாக்கியைக் கமிட்டி தள்ளுபடி செய்யச் சம்மதிக்கிறது, நான் வருத்திக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தார். தள்ளுபடி வேண்டாம் என்று பதில் போட்டேன். தள்ளிவிட்டால் அந்த முப்பத்தாறு மாதத்தில் மிச்சமிருக்கிற மாதங்களில் அம்மா யாருமில்லாத பாட்டியாகவே தங்கிவிடுவாள். ஆலையில் கணவருக்கு வேலை குறைந்திருக்கிறது, எனக்கும் ஷிஃப்ட் குறைத்துவிட்டார்கள், எப்போது முடியுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இந்த மாதம் நாற்பது அனுப்பினேன். இன்னும் கட்ட வேண்டியது அறுநூற்று இருபது ரூபாய்.